ஏற்பதா வேண்டாமா என்று கெஸ்ட் சொல்லட்டும்: கேர்னல் எழுதும் எங்களவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பின் நண்பர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் இருந்து எழுதுகிறேன். கொழும்பிலும் சென்னையிலும் பெங்களூரிலும் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னலில், அதிலும் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டுகிற கேவிஎம், சாதனங்களை அவற்றிடம் ஒப்படைக்கிற விஎஃப்ஐஓ, சாதனம் எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று கட்டுப்படுத்துகிற ஐஓஎம்எம்யூ, அட்டைகளை இணைக்கிற பிசிஐ பக்கம் கை வைக்கிற எங்களவர்களுக்குத்தான் இந்த மடல். சேர்வரின் பக்கம் ஹோஸ்ட், அதற்குள் ஓடும் மெய்நிகர் இயந்திரம் கெஸ்ட். ஹோஸ்டுக்கே உள்ளே பார்க்கமுடியாத இரகசிய மெய்நிகர் இயந்திரம் ஒன்றுக்கு ஒரு சாதனத்தைப் பாதுகாப்பாக ஒப்படைப்பதற்கான கேர்னல் இடைமுகம் இந்த வருடங்களில்தான் உருவாகிக்கொண்டிருக்கிறது. பயனர்வெளிக்கு, அதாவது கேர்னலுக்கு வெளியே ஓடும் சாதாரண நிரல்களுக்கு, ஒருமுறை கொடுத்த இடைமுகத்தைக் கேர்னல் திரும்ப வாங்குவதில்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நாலு பேர் சேர்ந்து, நெஞ்சு எக்ஸ்ரே படங்களைப் பார்த்துச் சந்தேகமானவற்றை வரிசையில் முன்னுக்கு எடுத்துத் தருகிற ஒரு மென்பொருள் செய்கிறோம். அதற்கு நல்ல ஜிபியூ வேண்டும். எங்களிடம் இருப்பது ஒரு பழைய சேர்வரும் அதைவிடப் பழைய ஒரு ஜிபியூவும். வாடகைக்கு எடுப்பதென்றால் மும்பை, சென்னை, சிங்கப்பூர் என்று கடல் தாண்டித்தான் போகவேண்டும். படங்களைத் தந்து உதவ முன்வந்த வைத்தியர் ஒருவரிடம் இதை விளக்கப் போயிருந்தேன். மறைகுறியாக்கம் பற்றி நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு அவர் கேட்டார்: "தம்பி, இஞ்ச இருந்து பூட்டி அனுப்புறீங்கள், சரி. அங்க போனாப் பிறகு திறந்துதானே கணக்குப் பார்க்கவேணும்? அப்ப ஆர் ஆர் பார்க்கலாம்?"

அவர் சும்மா கேட்கவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனி வகையாக வைத்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் படங்கள் அவரை நம்பி வந்த ஆட்களுடையவை. நான் உற்சாகமாகப் பதில் சொன்னேன். இரகசிய மெய்நிகர் இயந்திரம் என்று ஒன்று இருக்கிறது ஐயா, ஏஎம்டியில் எஸ்இவி-எஸ்என்பி, இன்டெலில் டிடிஎக்ஸ், நினைவகம் முழுவதும் மறைகுறியாக்கப்பட்டிருக்கும், சிபியூவுக்குள் மட்டும்தான் திறக்கும், சேர்வரின் சொந்தக்காரனேகூட எட்டிப் பார்க்க முடியாது என்றேன்.

பிறகு அப்படி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம், கணக்கை வேகமாக்கும் ஒரு முடுக்கி அட்டையோடு. கேர்னல் பதிவில் நினைவக மறைகுறியாக்கம் இயங்குகிறது என்று ஒரு வரி வந்ததைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். சில நாள் கழித்து, படங்கள் அட்டைக்குப் போக ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தோண்டப் போனபோதுதான் விளங்கியது. அட்டை எங்கள் தனிப்பட்ட நினைவகத்தைத் தொட முடியாது. ஆகவே கெஸ்ட் கேர்னல் ஒவ்வொரு டிஎம்ஏவையும் (சாதனம் நேரடியாக நினைவகத்தை வாசிப்பதும் எழுதுவதும்) எஸ்டபிள்யூஐஓடிஎல்பி என்கிற இடைத்தாங்கல் வழியாக அனுப்புகிறது. அந்த இடைத்தாங்கல் ஹோஸ்டுடன் பகிர்ந்த, மறைகுறியாக்கம் இல்லாத நினைவகம். எக்ஸ்86 கெஸ்டுகளில் மொத்த நினைவகத்தில் 6 சதவீதம், குறைந்தது 64 மெகாபைட், கூடியது 1 கிகாபைட் என்று கேர்னலே ஒதுக்குகிறது. அந்த அட்டையின் டிரைவரும் தன் பங்குக்கு எதையும் பூட்டவில்லை. ஆக, எங்கள் எக்ஸ்ரே ஒவ்வொன்றும் திறந்த பக்கங்களில் இறங்கி ஏறித்தான் போயிருக்கிறது. நல்லகாலம், அதுவரை நாங்கள் அனுப்பியது பொதுவில் கிடைக்கும் மாதிரிப் படங்கள் மட்டும். ஆனாலும் அந்த வைத்தியருக்கு நான் சொன்னது பொய்யாகிப் போனது, அது இன்னும் உறுத்துகிறது. வாடகைக்குத் தந்தவர்கள் ஏமாற்றினார்கள் என்று சொல்லமாட்டேன். நினைவகம் இரகசியம் என்றார்கள், நினைவகம் இரகசியமாகத்தான் இருந்தது. அட்டையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

என்விடியாவின் எச்100 போன்றவற்றில் டிரைவரும் அட்டையும் தங்களுக்குள் ஒரு சாவி வைத்து, பகிர்ந்த நினைவகத்தில் வைக்கும் முன்பே தரவைப் பூட்டிவிடுகின்றன. பாராட்டப்பட வேண்டிய வேலைதான். ஆனால் ஒவ்வொரு பைட்டையும் இன்னொரு தடவை நகலெடுத்துப் பூட்டித் திறக்கவேண்டும், அதோடு ஒவ்வொரு சாதனக்காரரும் தனித்தனியாக ஒரு பூட்டுச் செய்யவேண்டும். சாதாரண வலையமைப்பு அட்டைக்கும் என்விஎம்இ வட்டுக்கும் யார் செய்து தருவது?

எங்கள் ஊர்த் தோட்டக்காணி உறுதிகளை வாசித்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு கிணற்றில் பல பேருக்குப் பங்கு இருக்கும். உறுதி எழுதும்போது காணி எத்தனை பரப்பு, கிணற்றில் எத்தனை பங்கு என்பதோடு நிற்காமல் வழி வாய்க்கால் உரிமையையும் சேர்த்து எழுதுவார்கள். கிணற்றில் பங்கு இருந்தென்ன, தண்ணீர் வரும் வாய்க்கால் அடுத்தவன் காணிக்குள்ளால் ஓடினால் அவன் நினைத்த நேரம் மண்ணை வெட்டிப் போட்டு மறிக்கலாம், தன் பக்கம் திருப்பலாம். எத்தனை வழக்குகள் இதனாலேயே நடந்திருக்கின்றன. சாதன ஒப்படைப்பும் எனக்கு இப்படித்தான் தெரிகிறது. சாதனம் கிணறு, எங்கள் நினைவகம் தோட்டம், நடுவில் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் கம்பியும் ஐஓஎம்எம்யூ அட்டவணையும் வாய்க்கால். அந்த வாய்க்கால் முழுக்க ஹோஸ்டின் காணிக்குள்ளால்தான் ஓடுகிறது.

பிசிஐ தரநிலைகளை வகுக்கும் பிசிஐ-சிக் அமைப்பு 2022இல் கொண்டுவந்த டிடிஸ்ப் நெறிமுறை இந்த மூன்றையும் சேர்த்து எழுதுகிற உறுதி. சாதனம், அடையாளம் காட்டுவதற்கான எஸ்பிடிஎம் என்ற நெறிமுறை மூலம், தன் சான்றிதழையும் தனக்குள் பதிந்த மென்பொருளான ஃபேர்ம்வேரின் அளவீட்டையும், அதாவது அதன் சுருக்கக் குறியையும், காட்டுகிறது. ஐடிஇ என்ற இணைப்பு மறைகுறியாக்கம் கம்பியில் போகும் ஒவ்வொரு பொதியையும் ஏஇஎஸ்-ஜிசிஎம்மால் பூட்டுகிறது. பொதியின் தலைப்பில் டி என்கிற ஒரு பிட், இது நம்பகமான இயந்திரத்துக்குரியது என்று சொல்கிறது. சாதனத்தின் இடைமுகத்துக்கு நாலு நிலைகள்: பூட்டாதது, பூட்டியது, ஓடுவது, பிழை. பூட்டிய பிறகு அதன் அமைப்பில் யாராவது கை வைத்தால் பிழை நிலைக்குப் போய்விடும், தனிப்பட்ட நினைவகத்தோடு தொடர்பை அறுத்துக்கொள்ளும். ஏஎம்டி இதற்கு எஸ்இவி-டிஐஓ என்கிறது, இன்டெல் டிடிஎக்ஸ் கனெக்ட் என்கிறது, ஆர்ம் தன் சிசிஏவுக்குள்ளேயே சாதன ஒப்படைப்பைச் சேர்த்திருக்கிறது. வன்பொருள் பக்கம் நல்லவர்கள் நிறைய யோசித்திருக்கிறார்கள். இனி இருப்பது உங்கள் கையில், கேர்னலில்.

இங்கேதான் சிக்கல். இந்த வேலையில் பாதியை ஹோஸ்ட் கேர்னல்தான் செய்யவேண்டும், ஆனால் யாரை நம்பக்கூடாது என்று எல்லாம் தொடங்கியதோ அதுவும் அதே ஹோஸ்ட்தான். எஸ்பிடிஎம் செய்திகளைச் சாதனத்தின் அஞ்சல்பெட்டியில் போடுவதும் எடுப்பதும் ஹோஸ்ட், ஆனால் உறைக்குள் இருப்பது அதற்குத் தெரியாது. அது சிபியூ பக்கத்து நம்பகமான ஃபேர்ம்வேருக்கும் சாதனத்துக்கும் மட்டும் தெரியும். ஹோஸ்ட் இங்கே தபால்காரர். தபால்காரர் கடிதம் கொண்டுவரலாம், கொண்டுவராமல் விடலாம். பதில் எழுத அவருக்கு உரிமை இல்லை.

நான் கேட்பதும் இதுதான். ஒரு சாதனத்தை ஏற்பதா வேண்டாமா என்ற கடைசிச் சொல் கெஸ்டின் பயனர்வெளியில் இருக்கட்டும். ஹோஸ்ட் பக்கத்தில் மெய்நிகர் இயந்திரத்தை ஓட்டும் நிரலான கியூஎமுவுக்கு ஒரு விருப்பத்தேர்வு கொடுத்து, அதை இயக்கிவிட்டால் கெஸ்டுக்குள் சாதனம் தானாகவே நம்பகமானதாகத் தோன்றுவது வசதிதான். விளம்பரக் காட்சிக்கும் நன்றாக இருக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சாதனம் கெஸ்டில் தோன்றும்போது ஏற்கப்படாததாகவே தோன்றட்டும், இரகசிய வேலைக்கான டிரைவர் அதோடு ஒட்டாமல் காத்திருக்கட்டும். கெஸ்டில் ஓடும் ஒரு சிறிய நிரல் ஆதாரங்களை வாங்கி, தன் கொள்கையோடு ஒப்பிட்டு, தேவையானால் வெளியே உள்ள சரிபார்ப்பு சேவை ஒன்றைக் கேட்டு, சரி என்று எழுதிய பிறகுதான் இடைமுகம் ஓடும் நிலைக்குப் போகட்டும். அந்தச் சரியை எழுதும் இடம், கேர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ஒரு கோப்பாக இருந்தாலும் சரி, வேறு எதுவாக இருந்தாலும் சரி, எனக்கு அதில் பிடிவாதம் இல்லை.

ஆதாரம் என்று சொல்லும்போது ஆம், இல்லை என்ற ஒற்றைப் பிட்டைத் தந்துவிட்டுப் போகாதீர்கள். எங்களுக்கு முழுச் சான்றிதழ்ச் சங்கிலி வேண்டும், அளவீடுகள் வேண்டும், எந்த எம்எம்ஐஓ முகவரிகள் (சாதனத்தோடு பேசப் பயன்படும் நினைவக முகவரிகள்) எதற்கு என்று சொல்லும் இடைமுக அறிக்கை வேண்டும், அதோடு அந்த அளவீடு இப்போது எடுத்ததுதான், போன மாதம் எடுத்து வைத்ததல்ல என்று காட்ட நாங்களே கொடுத்த ஒரு தற்செயல் எண்ணும் அதில் இருக்கவேண்டும். இவை பெரிய கோப்புகள், ஹோஸ்ட் வழியாகத்தான் வரும். வரட்டும். ஏஎம்டியின் வடிவமைப்பில் கோப்பை ஹோஸ்ட் கொண்டுவர, அதன் சுருக்கக் குறியை ஃபேர்ம்வேர் கெஸ்டுக்கு நேரடியாகப் பூட்டிய வழியில் சொல்கிறது. இரண்டும் பொருந்தினால் கோப்பு நல்லது. எளிமையான ஏற்பாடு, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அந்தப் பொருத்தத்தைக் கேர்னல் தனக்குள்ளே பார்த்துவிட்டு முடிவை மட்டும் சொன்னால், நாளைக்கு ஒரு ஃபேர்ம்வேரில் ஓட்டை கண்டுபிடிக்கப்படும்போது அந்தப் பதிப்பை மட்டும் மறுக்க எங்களுக்கு வழியே இருக்காது.

எல்லாத் தளங்களுக்கும் ஒரே வடிவம் வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் பழைய அனுபவம். கெஸ்டின் சான்றறிக்கையை எடுக்க 2022இல், 5.19 பதிப்பில், எஸ்இவிக்கு ஒரு தனிச் சாதனக்கோப்பு வந்தது. 6.2இல் டிடிஎக்ஸுக்கு இன்னொன்று வந்தது, வேறு கட்டளைகளோடு. பிறகு 6.7இல்தான் எல்லோருக்கும் பொதுவாக கான்ஃபிக்எஃப்எஸ் என்ற கேர்னல் கோப்புத்தொகுதியில் ஒரே இடம் கிடைத்தது. அதற்குள் எழுதப்பட்ட நிரல்கள் எல்லாம் இரண்டு கிளைகளாகப் பிரிந்துவிட்டன, எங்களுடையதும் சேர்த்துத்தான். எங்களைப் போல நாலு பேர் உள்ள குழுவுக்கு ஒவ்வொரு சிபியூ நிறுவனத்துக்கும் ஒரு கிளை பராமரிக்க ஆள் இல்லை. சான்றறிக்கைக்கு நடந்தது சாதனத்துக்கும் நடக்கவேண்டாம். தளத்துக்குத் தளம் மாறுகிறவை ஃபேர்ம்வேரோடு பேசும் கீழ்மட்ட டிரைவருக்குள் இருக்கட்டும். பூட்டு, ஆதாரம் கொடு, ஏற்றுக்கொள், விடு என்ற சொற்கள் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும்.

ஹோஸ்ட் பக்கம் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், அங்கே கட்டப்போவது எல்லோரையும் பாதிக்கும். விஎஃப்ஐஓ 2012இல் வந்தபோது அதன் அடிப்படை எண்ணம், ஒரு பயனர்வெளி நிரல் சாதனத்தை முழுதாக வைத்திருக்கும் என்பது. அது சாதனத்தின் எம்எம்ஐஓவைத் தன் முகவரிவெளிக்குள் கொண்டுவரும், தன் முகவரிகளைக் கொடுத்து டிஎம்ஏவை வரைபடமாக்கும். இந்த இரண்டும் இங்கே பொருந்தாது. 2024இல் 6.8 பதிப்போடு வந்த, கெஸ்டுக்கு நினைவகம் கொடுக்கும் ஏற்பாடான கெஸ்ட்-மெம்எஃப்டியில் தனிப்பட்ட நினைவகத்துக்கு ஹோஸ்ட் நிரலில் முகவரியே இல்லை. தவறுதலாக ஒரு பைட் எழுதினால்கூடச் சில தளங்களில் ஹோஸ்ட் முழுவதுமே விழுந்துவிடும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்தார்கள். தனிப்பட்ட எம்எம்ஐஓவுக்கும் அதே கண்டிப்பு வேண்டும். பழைய இடைமுகத்தில் ஒரு கொடியை மட்டும் ஏற்றி இது இரகசிய முறை என்று சொல்லிவிட்டால், மிச்ச எல்லாக் கட்டளைகளும் அந்தக் கொடியைப் பார்க்க மறக்காமல் இருக்கவேண்டும். மறந்துபோகும், இத்தனை வருடம் கேர்னல் பிழைகளை வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஐஓஎம்எம்யூவைப் பயனர்வெளியில் இருந்து கையாள 6.2இல் வந்த ஐஓஎம்எம்யூஎஃப்டியில் மெய்நிகர் ஐஓஎம்எம்யூவுக்கும் மெய்நிகர் சாதனத்துக்கும் தனிப் பொருட்கள் ஏற்கெனவே உருவாகிவிட்டன. சாதனம், கேவிஎம் இயந்திரம், ஐஓஎம்எம்யூ மூன்றும் சந்திக்கிற இடம் அதுதான். இயந்திரத்தோடு கட்டுவதும் அவிழ்ப்பதும் அங்கே இருப்பதுதான் சரி என்பது என் எண்ணம். அவிழ்க்கும் வரிசையையும் அங்கேயே எழுதிவிடுங்கள். நிரல் திடீரென்று செத்துப்போனால் அது திறந்துவைத்த எஃப்டிகள், அதாவது கோப்புக் கைப்பிடிகள், எந்த வரிசையில் மூடப்படும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சாதனத்தை முதலில் நிறுத்தாமல் கீழே உள்ள வரைபடங்களைப் பிடுங்க முடியாது. அதைப் பயனர்வெளியின் ஒழுக்கத்துக்கு விட்டுவிட வேண்டாம்.

இப்போது எனக்கு மிகவும் பயம் தருகிற இடத்துக்கு வருகிறேன். லினக்ஸ் டிரைவர்கள் நல்லெண்ணத்தோடு செய்கிற சில பழக்கங்கள் இருக்கின்றன. டிரைவரைக் கழற்றும்போது, சாதனம் டிஎம்ஏ செய்ய அனுமதிக்கும் பஸ் மாஸ்டர் பிட்டை அழிப்பார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று ஒருமுறை ரீசெட் செய்வார்கள். பூட்டிய சாதனத்தில் பஸ் மாஸ்டர் பிட்டை அழித்தாலே அது பிழை நிலைக்குப் போய்விடும். சரி, போகட்டும், அது வடிவமைப்புப்படி சரியான நடத்தை. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. பிசிஐ பிழைமீட்பு வந்து சாதனத்தை எழுப்பும். சாதனம் எழும்பும், பூட்டாத நிலையில். டிரைவர் மறுபடி ஒட்டும். இது நம்பகமான சாதனம் இல்லை என்று டிஎம்ஏ அடுக்கு பார்த்து, மிகச் சரியாக, இடைத்தாங்கல் வழியைத் தேர்ந்தெடுக்கும். மேலே ஓடுகிற எங்கள் நிரலுக்கு ஒன்றுமே தெரியாது, ஒரு வினாடி தாமதம் மட்டும். அடுத்த எக்ஸ்ரே திறந்த பக்கத்தில் இறங்கும். இந்தத் தொடரில் ஒவ்வொரு கண்ணியும் தன் வேலையைப் பிழையில்லாமல் செய்திருக்கிறது, ஆனாலும் படம் வெளியே போய்விட்டது. பிழை நிலைக்குச் சாதனத்தைத் தள்ள ஹோஸ்டுக்கு எப்போதும் முடியும், ஆகவே இது ஏதோ அரிதாக நடக்கும் விபத்து என்று நினைக்கமுடியாது, வேண்டுமென்றே செய்யக்கூடியது.

அதனால் கேட்கிறேன்: ஓடும் நிலையில் இருந்து சாதனம் விலகிய அந்தக் கணமே கெஸ்ட் கேர்னல் அதன் ஏற்பை இரத்துச் செய்யவேண்டும், பயனர்வெளிக்கு ஒரு நிகழ்வாகச் சொல்லவேண்டும், மறுபடி ஆதாரம் பார்த்து ஏற்கும்வரை டிரைவரை ஒட்ட விடக்கூடாது. தனிப்பட்ட வழி இல்லையென்றால் வேறு எந்த வழியும் வேண்டாம் என்று ஒரு சாதனத்துக்கு நாங்கள் எழுதிவைக்க ஒரு இடம் வேண்டும், அது கேர்னல் தொடக்க வரியிலேயே கொடுக்கக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது. வேலை நின்றுபோனால் பரவாயில்லை. ஹோஸ்ட் நினைத்தால் இயந்திரத்தையே நிறுத்தலாம், சேவை மறுப்பு இந்த அச்சுறுத்தல் வரையறைக்கு வெளியே என்று கேர்னல் ஆவணமே சொல்கிறது. நிற்பதை நாங்கள் தாங்கிக்கொள்வோம். ஒரு இரவு ஓட்டம் பழுதானால் அடுத்த இரவு ஓட்டுவோம்.

சாதனம் சிபியூவின் கவனத்தைக் கேட்டு அனுப்பும் இன்டரப்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிஎம்ஏவும் எம்எம்ஐஓவும் பூட்டப்பட்டாலும் இன்டரப்ட் இன்னும் ஹோஸ்டின் கைவழியாக வருகிறது. 2024இல் சூரிச்சின் இடிஎச் ஆய்வாளர்கள் ஹெக்லர் என்ற தாக்குதலில், ஹோஸ்ட் நினைத்த நேரத்தில் இன்டரப்ட் அனுப்பியே கெஸ்டுக்குள் நிர்வாகி உரிமை தரும் சூடோ அனுமதியைத் தாண்டிக் காட்டினார்கள். அந்த ஓட்டைகளுக்குப் பேட்ச் வந்துவிட்டது. ஆனாலும் டிரைவர் எழுதுகிறவர்கள், சாதனத்தை ஏற்றுக்கொண்டாயிற்று, இனி அதன் பெயரில் வரும் எல்லா இன்டரப்டும் உண்மை என்று நினைத்துவிடக்கூடாது. ஏற்பு எதை உறுதிப்படுத்துகிறது, எதை உறுதிப்படுத்தவில்லை என்று இடைமுகத்தின் ஆவணத்தில் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். நாங்கள் அதைத் தமிழாக்கி இங்கே படிக்கிற பெடியளுக்குக் கொடுக்கிறோம். பல்கலைக்கழகம் முடித்து வருகிறவர்களில் கேர்னலை ஆசையோடு படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இப்படி ஒரு வேலை நடப்பதே தெரியாது.

எங்கள் பழைய சேர்வரில் டிடிஸ்ப் இல்லை, அந்த வசதி உள்ள வன்பொருளை வாங்க எங்களிடம் காசும் இல்லை. ஆனால் கெஸ்ட் பக்கத்து ஏற்புப் பகுதியை ஒரு போலிச் சாதனத்தை வைத்துச் சோதிக்கலாம். ஏற்கும் முன் டிரைவர் ஒட்டுகிறதா, பிழை நிலைக்குத் தள்ளினால் இடைத்தாங்கலுக்கு நழுவுகிறதா, கழற்றி மாட்டினால் பழைய ஏற்பு ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்க எங்கள் நாலு பேருடைய மாலை நேரங்களும் உங்களுக்கு இருக்கின்றன. பேட்ச் அனுப்பும்போது சொல்லுங்கள், ஓட்டிப் பார்த்து முடிவை எழுதுகிறோம்.

அந்த வைத்தியரிடம் மறுபடி போய் நடந்ததைச் சொன்னேன். கோபிக்கவில்லை. "அப்ப இப்போதைக்கு இஞ்சையே வைச்சுப் பாருங்கோ" என்றார். இங்கேயேதான் ஓடுகிறது, ஒரு தொகுதிக்கு ஒரு இரவு முழுவதும் எடுக்கிறது. மின்சாரம் போனால் காலையில் திரும்பத் தொடங்குகிறோம்.

அன்புடன்,
திருநெல்வேலியில் இருந்து உங்களில் ஒருவன்